பதிவேற்றாத வீடியோவைப் பத்திரப்படுத்துவது எப்படி?

தீபாவளிப் பலகாரங்களை ரீல்ஸாகப் போடுவதற்காக, ஓர் இல்லத்தரசி இரண்டு வாரம் உழைத்து ஒன்பது வீடியோக்களை டிராஃப்ட்டில் (வரைவில்) வைத்திருந்தார். செயலி திணறியது. யாரோ சொன்ன யோசனைப்படி அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். பழைய பதிவுகள் எல்லாம் வந்தன. டிராஃப்ட் ஒன்றுகூட வரவில்லை. “என் அக்கவுண்ட் அப்படியேதானே இருக்கு, இது மட்டும் எங்கே போச்சு சார்?” என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. நீங்கள் வெளியிட்ட வீடியோ, நிறுவனத்தின் சர்வரில் (சேவையகத்தில்) இருக்கிறது. எந்தக் கைபேசியில் உள்நுழைந்தாலும் அது தெரியும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், டிக்டாக் போன்றவற்றில் டிராஃப்ட் பொதுவாக உங்கள் கைபேசிக்குள்ளேயே, அந்தச் செயலிக்கென ஒதுக்கிய இடத்தில்தான் இருக்கும். செயலி போனால் அந்த இடமும் போய்விடும்.

டிராஃப்ட் தொலையும் வழிகள் சில. செயலியை நீக்குவது முதலாவது. செட்டிங்ஸில் ‘கிளியர் டேட்டா’ (தரவு முழுவதையும் அழித்தல்) கொடுப்பது இரண்டாவது. இதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘கிளியர் கேஷ்’ (தற்காலிகச் சேமிப்பை அழித்தல்) அவ்வளவு ஆபத்தானதல்ல. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்திவிடுகிறார்கள். புதுக் கைபேசிக்கு மாறுவதும், பழையதை ரீசெட் செய்வதும் மூன்றாவது. எடிட்டிங் செயலிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பல, கேலரியில் உள்ள மூலக் காட்சியைச் சுட்டிக்காட்டி மட்டுமே வேலை செய்கின்றன. இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்தால், டிராஃப்ட்டில் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும்.

இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. ‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு அடிக்கடி வருவது, செயலி தானாக மூடிக்கொள்வது, கைபேசி தானே அணைந்து எழுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் முதலில் டிராஃப்ட்களை வெளியே எடுங்கள். பழுது பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், செயலியின் கேமராவில் நேரடியாக எடுக்காதீர்கள். கைபேசியின் சொந்தக் கேமராவில் எடுத்து, பிறகு செயலிக்குள் கொண்டுவாருங்கள். மூலக் காட்சி கேலரியில் தங்கும். வீடியோ வெளியாகும்வரை அதை அழிக்க வேண்டாம்.

அடுத்து, எடிட் முடிந்த வீடியோவை அன்றைக்கே கேலரிக்குச் சேமியுங்கள். சேமித்ததும் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். செயலியின் இசைத் தொகுப்பிலிருந்து எடுத்த பாட்டு, உரிமக் காரணங்களால் சேமித்த கோப்பில் வராமல் போகலாம். பாட்டின் பெயரையும் வீடியோவுக்கான வரிகளையும் தனியே குறித்து வையுங்கள்.

மூன்றாவது, கைபேசிக்கு வெளியே ஒரு பிரதி. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. ஐபோனில் 1080பி தரத்தில் ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 60 எம்பி. 4கே தரத்தில் 170 எம்பி. இந்தக் கணக்கை வைத்து, எது போதும் என்று முடிவு செய்யுங்கள். கணினியிலோ பென் டிரைவிலோ இன்னொரு பிரதி இருந்தால் நிம்மதி. கூகுள் ஃபோட்டோஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் செயலியில் ‘டெலீட்’ கொடுத்தால் கைபேசியிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் சேர்ந்தே போகும்.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்வது பலரின் வழக்கம். சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருக்கப்பட்டுத் தெளிவு குறையும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். 2 ஜிபி வரை போகும்.

தொலைந்துவிட்டதா? பதற வேண்டாம். கேலரியின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். ஐபோனில் அழித்தவை 30 நாள் வரை இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள், ஆகாதவை 30 நாள். இன்ஸ்டாகிராமின் ‘சமீபத்தில் நீக்கியவை’ பகுதி வெளியிட்டு நீக்கியவற்றுக்கானது. அதில் டிராஃப்ட்டைத் தேடிப் பயனில்லை. ‘ரெகவரி ஆப்’ விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். ஒரு செயலியின் தனியிடத்துக்குள் இன்னொரு செயலி நுழைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் அனுமதிப்பதில்லை. மீட்டுத் தருகிறேன் என்று பாஸ்வேர்டு கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

அந்த அம்மாவின் கேலரியைத் திறந்து பார்த்தோம். ஆறு பலகாரங்களைக் கைபேசிக் கேமராவில் எடுத்திருந்தார். அவற்றின் மூலக் காட்சிகள் அப்படியே இருந்தன. இரண்டு நாளில் மறுபடி எடிட் செய்துவிட்டார். செயலிக்குள்ளேயே எடுத்த அதிரசம், மனோகரம், ரவா லட்டு மூன்றும் திரும்பவில்லை. அதிரசத்துக்கு மறுபடி பச்சரிசி ஊறவைத்துவிட்டதாக மறுநாள் தொலைபேசியில் சொன்னார். “இந்தத் தடவை போன் கேமராவிலதான் சார் எடுக்கறேன்” என்றார்.