2102 எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

ஆலைக் கிளையின் சிஸ்கோ ரவுட்டரை பாஸ்வேர்டு இல்லாமல் திறந்தது பற்றி நீ எழுதிய வேலை அறிக்கையை உன் முதலாளி என்னிடம் கொடுத்தார். பழைய அட்மின் வேலையை விட்டுப் போயாயிற்று, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, லைன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் தொழிலில் எல்லோரும் ஒருநாள் போய் நிற்கிற இடம்தான். ரோம்மானில் நிறுத்தி, ரிஜிஸ்டரை 2142 ஆக்கி உள்ளே போயிருக்கிறாய். சரி.

ஆனால் அறிக்கை 'புதுப் பாஸ்வேர்டு வைத்தாயிற்று, லிங்க் வந்துவிட்டது' என்று முடிந்துவிடுகிறது. ரிஜிஸ்டரைத் திரும்ப 2102 ஆக்கிய வரி எங்கே? திரும்பத் திரும்பத் தேடினேன், இல்லை. 2142-இல் ஏற்றிவைத்த அந்த ஆறாவது பிட்டை இறக்காமல் விட்டால், ரவுட்டர் இன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். என்றைக்குக் கரண்ட் போய் வருகிறதோ, அன்றைக்கு என்விரேமில் இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. செட்டப் டயலாக் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். கான்ஃபிக் உள்ளே பத்திரமாகவே இருக்கும். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

2012 மின்வெட்டு உனக்கு நினைவிருக்காது. கோவைப் பக்கம் யுபிஎஸ் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறக்கூட நேரம் கிடைக்காத காலம். யாரோ 2142-இலேயே விட்டுப்போன ரவுட்டர் ஒன்று, ஓர் அலுவலகத்தில் யுபிஎஸ் அணைந்த மத்தியானம் இப்படித்தான் வெறுமையாக எழுந்தது. பெட்டி கெட்டுவிட்டது என்று புதுசுக்கே ஆர்டர் போட்டுவிட்டார்கள். நான் போய் ஷோ வெர்ஷன் அடித்துக் கடைசி வரியைக் காட்டினேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. உள்ளே போனதும் நேராக ஸ்டார்ட்அப்பை ரன்னிங்குக்குக் காப்பி செய்யப் போயிருக்கிறாய். அதற்கு முன் ஷோ ஸ்டார்ட்அப் அடித்து, வருவது அத்தனையையும் லேப்டாப்பில் சேமித்திருக்க வேண்டாமா? அந்த நிமிடத்தில் ரன்னிங் காலி. விரல் பழக்கத்தில் ரைட் மெமரி என்று அடித்திருந்தால், ஆலையின் ஐபி, ரூட், விபிஎன் சாவி எல்லாம் ஒரே என்டரில் போயிருக்கும். நான் இன்றும் கான்ஃபிக்கை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன். பாஸ்வேர்டு, சாவி வரிகளை அழித்துவிட்டுத்தான் ஒட்டுவேன். அதிலும் ஏழாம் வகைப் பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் நொடியில் அவிழ்த்துவிடலாம். காகிதம் எதற்கு என்று உன் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். நெட்வொர்க் விழுந்த நேரத்தில், நெட்வொர்க்கில் வைத்த பிரதியை எப்படி எடுப்பாய்?

பிரேக் கீ வேலை செய்யவில்லை என்று புலம்பியிருந்தாய். ஹைப்பர்டெர்மினல் காலத்தில் எங்களுக்கும் அதே பாடு. அப்போது வேகத்தை 9600-இலிருந்து 1200-க்கு இறக்கி, ரவுட்டரை அணைத்துப் போட்டு, பத்துப் பதினைந்து வினாடி ஸ்பேஸ் பாரை விடாமல் அழுத்துவோம். மெதுவாக வரும் அந்த எழுத்துகளை ரவுட்டர் பிரேக் என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு 9600-க்குத் திரும்பினால் ரோம்மான் காத்திருக்கும். இன்றும் செல்லும், செய்து பார்.

இன்டர்ஃபேஸ் பற்றி நீ எழுதிய பத்தி அபாரம். காப்பி செய்தபின் எல்லாம் ஷட்டவுனிலேயே ஏன் கிடக்கிறது, நோ ஷட்டவுன் என்ற வரி சேமித்த கான்ஃபிக்கில் ஏன் இருப்பதே இல்லை என்று நீ விளக்கியதை, என்னோடு வேலை பார்த்த பெரிய எஞ்சினியர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதை அப்படியே என் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆலைக்கு நாளைக்கே போ. ரிஜிஸ்டரை மாற்ற லைனை நிறுத்த வேண்டியதில்லை. ஓடும்போதே 2102 கொடு. ஷோ வெர்ஷனின் கடைசி வரியில் அடுத்த ரீலோடுக்கு 2102 என்று வந்ததும், அந்த வரியையும் சேர்த்து அறிக்கையை எனக்கு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்