ஆறு ஆண்டு சேவை, பதவி உயர்வு இல்லை

கேள்வி: நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவக் கல்லூரியில், மருந்தியல் துறை உதவிப் பேராசிரியராக 6 ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்று கட்டுரைகள் வெளியாகியுள்ளன. ஒன்றில் என் பெயர் முதலில், இன்னொன்றில் நான்காவதாக, மூன்றாவது ஒரு கேஸ் ரிப்போர்ட். எனக்குப் பின் சேர்ந்தவரை இணைப் பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள். கேட்டால் ‘போஸ்ட் இல்லை’ என்கிறார்கள். வேலையை விட்டால் ரிலீவிங் ஆர்டர் கிடைக்காதாம். என் அசல் எம்.டி. சான்றிதழும் அவர்களிடம்தான் இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?
– வாசகி, மண்ணூர்பேட்டை

பதில்: கசப்பான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், டாக்டர். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இணைப் பேராசிரியருக்கான தகுதி உங்களுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள் உதவிப் பேராசிரியராக 4 ஆண்டு அனுபவம், 2 ஆய்வுக் கட்டுரைகள், மருத்துவக் கல்வித் தொழில்நுட்பத்திலும் ஆய்வு முறையிலும் அடிப்படைப் பயிற்சி ஆகியவற்றைக் கேட்டன. 2025இல் வந்த புதிய விதிகளிலும் இந்த அடிப்படை தொடர்கிறது. கட்டுரையில் உங்கள் பெயர் முதல் மூன்றுக்குள் வர வேண்டும். இல்லையென்றால் நீங்கள் தொடர்பு ஆசிரியராக இருக்க வேண்டும். தனி ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் கணக்கில் சேராது. பலரைத் தொகுத்த கேஸ் சீரிஸ் சேரும். ஆக, உங்கள் மூன்றில் ஒன்றுதான் தேறுகிறது. வழக்கு போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். இன்னொரு கட்டுரையை, ஆணையம் ஏற்கும் பட்டியலில் உள்ள இதழில் கொண்டுவந்துவிடுங்கள். பணம் கட்டினால் சில நாட்களில் அச்சிட்டுத் தரும் இதழ்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

தகுதி வந்துவிட்டாலும் பதவி தானாக வராது. யாரை உயர்த்தலாம் என்பதைத்தான் ஆணைய விதி சொல்கிறது. உயர்த்தியே ஆக வேண்டும் என்று கல்லூரியைக் கட்டாயப்படுத்துவதில்லை. கீழ்ப்பாக்கம், திருவள்ளூர் போன்ற அரசுக் கல்லூரிகளில் பணிமூப்புப் பட்டியலும் காலியிடமும் பார்ப்பார்கள். பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது அரசு ஊழியரின் அடிப்படை உரிமை என்று 1999இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கோ நியமன ஆணையும் பல்கலைக்கழகத்தின் பணி விதிகளும்தான் ஆதாரம். இரண்டையும் எடுத்துப் படியுங்கள். பின்னால் வந்தவர் நேரடி நியமனத்தில் வந்தாரா, பதவி உயர்வில் வந்தாரா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நேரடி நியமனம் என்றால் அது தனிப் பாதை. அதை வைத்து ‘என்னைத் தாண்டிவிட்டார்கள்’ என்று வாதிடுவது கடினம்.

தொழிலாளர் நீதிமன்றம் உங்களுக்குக் கிடையாது. ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்ல என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழியுண்டு. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆசிரியை ஜேனட் ஜெயபாலின் பணிநீக்க வழக்கில், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு எதிராகவும் ரிட் மனு செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2022இல் செயின்ட் மேரீஸ் வழக்கில், தனியார் நிறுவனத்தின் சாதாரணப் பணி ஒப்பந்தத் தகராறுக்கெல்லாம் ரிட் வராது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே சட்டபூர்வ விதி ஒன்று மீறப்பட்டது என்று உங்களால் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

சான்றிதழ் விஷயத்தில் நான் உறுதியாக உங்கள் பக்கம். எம்.டி. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. அதை வைத்துக்கொண்டு ஆளைக் கட்டிப்போட நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இன்றே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். வேலையை விடுவதென்றால், நியமன ஆணையில் உள்ள அறிவிப்புக் காலத்தைக் கொடுத்து, ராஜினாமாவை மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். அனுபவச் சான்று மறுக்கப்பட்டால் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது நியமன ஆணை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, படிவம் 16, ஆதார் வருகைப் பதிவு ஆகியவைதான். இவற்றின் பிரதிகளை இப்போதே வீட்டில் எடுத்து வையுங்கள். 5 ஆண்டைத் தாண்டிவிட்டதால் பணிக்கொடையும் உங்களுக்கு உண்டு; 2009 திருத்தம் ஆசிரியர்களையும் அதில் சேர்த்துவிட்டது. வேலையை விட்ட 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

புதிய கல்லூரி இப்போதே கையெழுத்து கேட்டாலும், பழைய இடத்திலிருந்து முறையாக வெளிவராமல் அவர்களின் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே காலத்தில் இரண்டு கல்லூரிகளில் பெயர் இருந்தால், நடவடிக்கை உங்கள் மருத்துவப் பதிவு மீதே வரலாம்.