வணிக இணையதளம்: தோற்றத்தைத் திட்டமிடும் முறை

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று இணைய வசதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் சிறு உற்பத்தியாளரும் தொலைதூர நுகர்வோரை நேரடியாக அடையும் வாய்ப்பு உருவாயிற்று. இவ்வாய்ப்பு பயன் தருவது, இணையதளத்தின் தோற்றமும் அமைப்பும் எவ்வாறு திட்டமிடப்படுகின்றன என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளது.

கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைக்கு வருபவர் துணியைத் தொட்டுப் பார்க்கிறார். விற்பவரிடம் கேட்டுத் தெளிகிறார். திரையில் இவ்விரண்டும் இல்லை. எனவே அங்குத் தோற்றமே நம்பிக்கையின் முதற்படியாகிறது.

திட்டமிடுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, எந்த நிறம் என்பதன்று. யார், எதற்காக வருகிறார் என்பதேயாகும். சேலை வாங்குபவர்க்கு விலையும் அளவும் தேவை. மொத்த வணிகர்க்குக் கொள்முதல் நிபந்தனைகள் தேவை. இத்தேவைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பக்கத்தையும் தாளில் வரைந்து, சிலரிடம் காட்டித் திருத்துதல் நன்று. தாளில் செய்யும் திருத்தத்திற்குச் செலவு மிகக் குறைவு; தளம் உருவான பின் அதே திருத்தம் காலத்தையும் பணத்தையும் விழுங்கும்.

அடுத்து வருவன நிறமும் எழுத்தும். ஓரிரு நிறங்களை எல்லாப் பக்கங்களிலும் ஒரே சீராகக் கையாள வேண்டும். சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிமாறுபாடு குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்பது பன்னாட்டு அணுகுதன்மை நெறி. விலையையும் விவரத்தையும் படமாக மட்டும் இடுதல் தவறு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதனை முறையாகப் படித்துக் காட்ட இயலாது. யூனிகோடு எழுத்தில் இட்டால் இக்குறை நீங்கும். படங்களின் கோப்பளவைக் குறைத்தால், வேகம் குறைந்த இணைப்பிலும் பக்கம் விரைவில் திறக்கும்.

சட்டத்திற்கும் இதில் பங்குண்டு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவை தெளிவாகக் காட்டப்பட வேண்டும். இவற்றுக்குரிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்குதல் அறிவுடைமை.

இறுதியாக, படத்தின் உண்மை. செயற்கை ஒளியில் மெருகூட்டிய படத்தைக் கண்டு வாங்கியவர், கைக்கு வந்த சேலையின் நிறம் வேறாக இருப்பின் திருப்பி அனுப்புவார். அந்த இழப்பு சங்கத்தின் கணக்கோடு நில்லாது, நெசவாளியின் தறி வரை சென்று சேரும். ஆதலின் பகல் ஒளியில் எடுத்த படமும், நூலின் வகையும் அளவும் கூறும் நேர்மையான குறிப்புமே சிறந்த அலங்காரமாகும்.