ஐப்பசியில் பூட்டான்: ஆவணியிலேயே முடிக்கவேண்டிய வேலைகள்

வலையபட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த வருடம் பூட்டான் போய்வர நினைக்கிறவர்களுக்காக இந்த ஆவணி மாதக் குறிப்பு. பயணம் ஐப்பசியில்தான். ஆனால் அதற்கான வேலையில் முக்கால் பங்கு இந்த மாதத்துக்குள் முடிந்தாகவேண்டும். தள்ளிப்போட்டால் கடைசியில் காகிதம் ஒன்று குறையும், அல்லது ரயிலில் இடம் இருக்காது.

பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குத் திட்டமிடுவதே நம் பக்கத்து வழக்கம். பூட்டானுக்கு அது சரிப்படாது. மே மாதத்திலேயே மேகம் கூடிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. எல்லை ஊரான புன்ட்சோலிங்கிலிருந்து திம்பு ஏறும் மலைச்சாலையில் மண்சரிவு அடிக்கடி நடக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் வானம் வெளுத்து, பனிச்சிகரங்கள் கண்ணுக்குத் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் வரும் துர்கா பூஜை விடுமுறையில் வங்காளத்து மக்கள் பெருங்கூட்டமாகப் பூட்டான் போவார்கள், விடுதி வாடகையும் ஏறிவிடும். பூஜை முடிந்த பிறகு, ஐப்பசி நடுவில் போய்ச் சேருவதே நல்லது. அப்போது நமக்கு இங்கே அடைமழைக் காலம்.

முதலில் அடையாள ஆவணத்தைப் பாருங்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, நுழைவு அனுமதி வேண்டும். அதற்கு ஆறு மாதமாவது செல்லத்தக்க பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இரண்டில் ஒன்று போதும். ஆதார் செல்லாது, ஓட்டுநர் உரிமமும் செல்லாது. எல்லை வரைக்கும் போய் ஆதாரை நீட்டித் திரும்பி வருகிறவர்கள் இன்றும் உண்டு. பாஸ்போர்ட் புதுப்பிக்கவேண்டியவர்கள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். சிவகங்கை மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது, காவல்துறை விசாரணைக்கும் நாள் பிடிக்கும்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நம்மிடம் உள்ள பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே பதிவாகியிருக்காது. பீரோவிலிருந்து எடுத்து இன்றே பாருங்கள். பெயர் இல்லையென்றால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ சேர்த்துப் புதுப் பிரதி வாங்குங்கள். இன்னொரு சிக்கல் நம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். டிக்கெட், அனுமதி விண்ணப்பம், அடையாள அட்டை மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

அனுமதிக்கு இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். புனாகா, போப்ஜிகா என்று போகப்போகும் ஊர்கள் எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து இந்தியர்கள் ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் செலுத்தவேண்டும். 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழே கட்டணமில்லை. கணவன், மனைவி, எட்டு வயதுப் பிள்ளை ஐந்து இரவு தங்கினால் இதற்கு மட்டும் 15,000 ரூபாய். விடுதி, சாப்பாடு, வண்டி தனி. அதிகம் என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்தில் 60 சதவீதம் எப்போதும் காடாகவே இருக்கவேண்டும் என்று 2008-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு அது. தெய்வம் குடியிருக்கும் இடம் என்பதால் 7,570 மீட்டர் உயரக் கங்கர் புன்சும் சிகரத்தில் யாரையும் ஏறவிடுவதில்லை. கூட்டம் அளவாக இருக்கவேண்டும் என்றே அந்தக் கட்டணம். கொடைக்கானலில் மே மாதத்து நெரிசலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஐப்பசி நடுவில் கிளம்புகிறவர்களுக்கு ஆவணி நடுவில் திறக்கும், அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். காரைக்குடியிலிருந்து சென்னை, அங்கிருந்து நியூ ஜல்பாய்குரி, பிறகு ஹாசிமாரா. ஹாசிமாராவில் இறங்கினால் எல்லை ஊரான ஜெய்காவ் 18 கிலோமீட்டர். விமானம் என்றால் கொல்கத்தா வழியாகப் பாரோ. பாரோ பள்ளத்தாக்கில் விமானிகள் கண்ணால் பார்த்துத்தான் இறக்கவேண்டும். அதனால் வானம் மூடினால் விமானம் நிற்கும். சென்னையில் புயல் மழையும் அதே பருவத்தில்தான். போகும்போதும் வரும்போதும் கொல்கத்தாவில் ஒரு நாள் மிச்சம் வைத்துத் திட்டமிடுங்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஊர்களின் வரிசையை முகவரிடம் விட்டுவிடாமல் நீங்களே தீர்மானியுங்கள். பலர் இறங்கிய மறுநாளே பாரோவின் தக்சாங் மலை மடத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள், அது தவறு. பாரோ 2,200 மீட்டர், நம் வலையபட்டியோ சமவெளி. முதலில் டோச்சு லா கணவாயைக் கடந்து 1,200 மீட்டரில் உள்ள புனாகாவுக்கு இறங்குங்கள். ஆண் ஆறு, பெண் ஆறு என்று அவர்கள் சொல்லும் போ சூ, மோ சூ இரண்டும் கூடும் இடத்தில் பூட்டானை ஒன்றுபடுத்திய ஷப்துருங் நவாங் நம்கியால் 1637-ல் கட்டத் தொடங்கிய கோட்டை மடம் நிற்கிறது. தேக்குத் தூணும் கதவு வேலைப்பாடுமாக வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் அந்த மரவேலையை விட்டு லேசில் நகரமாட்டார்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

அடுத்து போப்ஜிகா. திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அக்டோபர் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து குளிர்காலம் முழுக்கத் தங்குகின்றன. நவம்பர் 11 அன்று கங்டே மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா, பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடமிட்டு ஆடுவார்கள். கொக்குகள் மோதிச் சாகக்கூடாதென்று அங்கே மின்கம்பியைத் தரைக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போகவேண்டிய இடம் போப்ஜிகா. இரவில் நீர் உறையும் குளிர், கம்பளி உள்ளாடை வேண்டும்.

பிறகு திம்பு, கடைசியாகப் பாரோ தக்சாங். புலியின் முதுகேறிக் குரு பத்மசம்பவர் வந்து தவமிருந்தார் என்று நம்பப்படும் குகையைச் சுற்றி 1692-ல் கட்டிய மடம், 1998-ல் தீயில் எரிந்து மறுபடி எழுந்தது. பள்ளத்தாக்கிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறிப்போக மட்டும் மூன்று மணி நேரம் ஆகலாம். பாதி வழி வரை குதிரை உண்டு, இறங்கும்போது கிடையாது. அதனால் வாரம் ஒருமுறை விடியற்காலையில் பிரான்மலை ஏறிப் பழகுங்கள். அதற்கு முன் குன்றக்குடிப் படிகளை நிற்காமல் ஏறிப் பாருங்கள். அப்பத்தா, ஆயாவைக் கூட்டிப்போகிறவர்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகே முடிவெடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையைத் திட்டமிட்ட நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்குங்கள், மருந்துச்சீட்டும் கையில் இருக்கட்டும். மூச்சு முட்டினால் பாதிவழித் தேநீர்க்கடையிலேயே உட்கார்ந்துவிடலாம். அங்கிருந்தும் மடம் நன்றாகத் தெரியும்.

மடங்களுக்குள் முழுக்கை, முழுக்கால் உடை வேண்டும், சன்னதியில் படம் எடுக்கக்கூடாது. நம்மைப் போலவே வலமாகத்தான் சுற்றுவார்கள். பிரார்த்தனைச் சக்கரத்தையும் வலமாகவே உருட்டுங்கள்.

பணத்தில் பெரும்பகுதி 100 ரூபாய்த் தாளாக இருக்கட்டும். நம் ரூபாயும் அவர்களுடைய நுல்ட்ரமும் சம மதிப்பு. மீதி நுல்ட்ரத்தை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே மாற்றமுடியாது. யூபிஐ சில கடைகளில் உண்டு, அதை மட்டும் நம்பவேண்டாம். கடிகாரம் நம்மைவிட அரை மணி முன்னே ஓடும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். எமா தட்சி என்பது மிளகாயையே காயாகப் போட்டு பாலாடைக்கட்டியுடன் வேகவைப்பது. காரம் பழகிய செட்டிநாட்டு நாக்குக்குப் பிடிக்கும். சைவர்கள் உருளைக்கிழங்கில் செய்யும் கேவா தட்சி கேட்டு வாங்கலாம். ரயிலுக்குச் சீப்புச் சீடையும் மணகோலமும் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைக்கு அங்கே 1999-லேயே தடை போட்டுவிட்டார்கள், மஞ்சள் பையில் கட்டுங்கள்.

புரட்டாசி கடைசி வாரத்தில் முகவரைக் கூப்பிட்டுச் சாலை நிலவரம் கேளுங்கள். சரிவு சீராகாமல் இருந்தால் புன்ட்சோலிங் வழியை விட்டு விமானத்துக்கு மாறுங்கள், அல்லது பயணத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். பிள்ளையார் நோன்பு எடுக்கும் வீடுகள் அப்படித் தள்ளினாலும் திருக்கார்த்திகைக்கு முன் ஊர் திரும்பும்படி டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.