மரத்தடி வகுப்பும் பகல் கொசுவும்

எட்டாம் வகுப்பு அறிவியலை வேப்பமரத்தடியில் நடத்துவது என் வழக்கம். ஒரு மழைக்காலத்தில் மாணவி ஒருத்தி காய்ச்சலால் பல நாள் வரவில்லை, டெங்கு என்றார்கள். “கொசு ராத்திரிதானே கடிக்கும், டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியே பாடமாயிற்று.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலை இருட்டும் முன்பும் அதிகம் கடிக்கும். கால்களில் வெள்ளை வரிகள் தெரியும். தேங்கிய நன்னீரில் முட்டையிடும்.

குழுக்களாகப் பிரிந்து வளாகத்தைச் சுற்றினோம். பழைய டயர், கொட்டாங்குச்சி, உடைந்த வாளி எல்லாவற்றிலும் நெளியும் புழுக்கள். ஆனால் அதிகம் இருந்தது என் மேசைமேல் இருந்த மணிபிளாண்ட் பாட்டிலில்தான்! பிள்ளைகளிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அன்று அவர்கள் கற்றது கூடுதலாகவே இருந்தது.

முட்டை கொசுவாக மாறச் சுமார் 7 முதல் 10 நாள்கள் ஆகும். எனவே வெள்ளிதோறும் நீரைக் கொட்டிப் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுகிறோம். கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.

மரத்தடிக்குச் செல்லும் நாளில் கை, கால்களை மூடும் வெளிர்நிற உடை நல்லது. கொசுவிரட்டிக் களிம்பைக் கண், வாய், புண் தவிர்த்துப் பெரியவர்களே பூசிவிட வேண்டும். காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள்.

ஆசிரிய நண்பர்களே, தேடலை உங்கள் மேசையிலிருந்தே தொடங்குங்கள்.