நிறம் சொல்லும் செய்தி

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ளது பொந்தியான் மாவட்டம். இங்குள்ள பெக்கான் நானாஸ் பட்டணம் தன் பெயரிலேயே அன்னாசியைத் தாங்கி நிற்கிறது. கடலோரக் குக்கூப் கிராமம் மீனுக்குப் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்தில் அமிலத்தன்மை மிகுந்த மண் பரவலாகக் காணப்படுகிறது. அன்னாசி அந்த மண்ணைத் தாங்கிக்கொள்ளும். எல்லாப் பயிர்களாலும் அது முடியாது. மண் அமிலமாகும்போது, களிமண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் நீரில் கரையத் தொடங்குகிறது. அது வேர்நுனியைத் தாக்கிப் பயிரின் வளர்ச்சியைத் தடுக்கிறது.

‘என் வாய்க்கால் நீரில் அலுமினியம் கலந்திருக்கிறதா?’ என்பது விவசாயியின் கேள்வி. ‘இந்த மீன் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா?’ என்பது மீன் வாங்குபவரின் கேள்வி. இவற்றுக்குத் துல்லியமான விடை வேண்டுமானால், மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். விடை வந்து சேர்வதற்குள் நீர் ஓடிவிடும். மீனும் சமையலுக்குப் போய்விடும். கேள்வி எழும் இடத்திலேயே விடை கிடைக்கச் செய்ய முடியாதா? இந்தத் தேவையிலிருந்து வளர்ந்த கருவியே ஒளியியல் வேதி உணரி. மலேசியாவில் இத்துறையை வளர்த்த வேதியியலாளர்களுள் பேராசிரியர் மூசா அகமட் குறிப்பிடத்தக்கவர்.

இக்கருவியின் அடிப்படை நம் வீட்டிலேயே உள்ளது. மஞ்சள் தூளுடன் சுண்ணாம்பைக் கலந்தால் அது சிவந்துவிடும். ஆரத்திக்காகக் கரைக்கும் நீர் சிவப்பாவது இதனால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் எனும் சாயம், காரத்தன்மை கொண்ட சுண்ணாம்பைச் சந்தித்ததும் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வேதிமாற்றத்தை நிறம் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஒளியியல் வேதி உணரி இதே வேலையை அளவோடு செய்கிறது. குறிப்பிட்ட பொருளைக் கண்டதும் நிறம் மாறும் சாயம் ஒன்று அதற்குத் தேவை. அந்தச் சாயத்தை நகராமல் பிடித்து வைக்க மெல்லிய படலமோ சிறு மணிகளோ வேண்டும். முடி போன்ற ஒளி இழை வழியாக ஒளி சாயத்தைச் சென்றடைகிறது. அங்கிருந்து திரும்பி வரும் ஒளியை ஓர் அளவி பதிவு செய்கிறது. நிறம் எந்த அளவுக்கு மாறியுள்ளதோ, அதைக் கொண்டு பொருளின் செறிவு கணக்கிடப்படுகிறது.

மூசா அகமட் இத்துறையில் ஆய்வு செய்தது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இருந்த மான்செஸ்டர் அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் ஆகும். அங்குப் பணியாற்றிய ராமையர் நாராயணசாமி ஒளி இழை உணரிகளில் முன்னோடி ஆய்வாளர். ஜெர்மனியில் பணியாற்றிய ஓட்டோ வொல்ஃப்பைசுடன் இணைந்து இவர் பதிப்பித்த ஒளியியல் உணரிகள் பற்றிய நூல் 2004இல் வெளிவந்தது.

மூசாவும் நாராயணசாமியும் எடுத்துக்கொண்ட இலக்கு அலுமினியம். குடிநீரைத் தெளிய வைப்பதற்குச் சுத்திகரிப்பு நிலையங்களில் அலுமினிய சல்பேட் சேர்ப்பது வழக்கம். அளவோடு சேர்த்தால் அழுக்கு திரண்டு அடியில் படியும். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்ட் பட்டணம் கண்டது. சுமார் 20 டன் அலுமினிய சல்பேட் கரைசல் தவறான தொட்டியில் கொட்டப்பட்டு, ஏறத்தாழ 20,000 பேர் பயன்படுத்திய குடிநீரில் கலந்தது. நீரின் சுவை மாறியதை மக்கள் உணர்ந்தனர். ஆயினும், என்ன கலந்துள்ளது என்பதை அறியும் வழி அவர்கள் கையில் இல்லை. காரணம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட 16 நாள்கள் ஆயின. மலேசியாவில் குடிநீரில் அலுமினியம் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. இவ்வளவு சிறிய அளவை நாவும் கண்ணும் அறிய முடியாது.

1995இல் இவ்விருவரின் ஆய்வுக் கட்டுரை ‘தலான்டா’ எனும் ஆய்விதழில் வெளிவந்தது. குரோம் அசுரோல் எஸ் எனும் சாயத்தைத் திடப்பொருளின்மேல் நிலைநிறுத்தி, ஒளி இழையின் துணையுடன் அலுமினியத்தை அளக்கும் உணரியை அக்கட்டுரை விளக்கியது.

படிப்பதற்கு எளிமையாகத் தோன்றும் இவ்வேலையில் தடைகள் பல. சாயத்தைச் சரியாகப் பிணைக்காவிட்டால் அது நீரில் கழுவிச் செல்லப்படும். மிக இறுக்கமாகப் பிணைத்தாலோ, அலுமினியத்துடன் சேரும் ஆற்றலை அது இழக்கக்கூடும். ஒரு சாயம் அலுமினியத்திற்கு மட்டுமல்லாமல் இரும்பு போன்ற வேறு உலோகங்களுக்கும் நிறம் மாறலாம். அப்போது உணரி சொல்வது உண்மையா, பொய்யா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நீரின் அமிலத்தன்மை சற்று மாறினாலும் நிறம் வேறுபடலாம். ஒருமுறை மாறிய சாயத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால்தான் கருவியை மீண்டும் பயன்படுத்த முடியும். எனவே, உணரியை உருவாக்கும் ஆய்வாளர் ஒவ்வோர் இடையூறையும் தனித்தனியே சோதிக்கிறார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும்.

அலுமினியம் என்ற அதே கேள்வியை மூசா அகமட் விட்டுவிடவில்லை. 2002இல் அவரும் நாராயணசாமியும் மற்றோர் அலுமினிய உணரியை வெளியிட்டனர். இம்முறை நிறமாற்றத்திற்குப் பதிலாக ஒளிர்வை அளந்தனர். பணத்தாளைப் புறஊதா விளக்கின்கீழ் வைத்தால் அதன் சில பகுதிகள் ஒளிர்வதைப் பார்த்திருப்போம். அதுபோலவே, சில சாயங்கள் உலோகத்துடன் சேரும்போது ஒருவகை ஒளியை உள்வாங்கி வேறொரு நிறத்தில் ஒளிரும். இருட்டில் எரியும் சிறு விளக்கு கண்ணில் எளிதாகப் படுவதைப் போல, இந்த ஒளிர்வு மிகக் குறைந்த அளவையும் காட்டிக்கொடுக்க வல்லது.

மூசா அகமட் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் நீலாயில் உள்ள மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ யூக் ஹெங், இந்தோனேசியாவின் ஜெம்பர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பம்பாங் குஸ்வாண்டி ஆகியோர் அவருடன் இணைந்து ஆய்வு செய்தவர்கள். குஸ்வாண்டியும் மான்செஸ்டரில் நாராயணசாமியுடன் ஆய்வு மேற்கொண்டவரே. ஓர் ஆசிரியரின் கூடத்தில் தொடங்கிய அறிவு, இவ்வாறு இரு நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்குப் பரவியது.

இக்கூட்டுழைப்பின் பயன்களுள் ஒன்று, 2012இல் வெளிவந்த மீன் வில்லை பற்றிய ஆய்வு. மீன் கெடும்போது அதிலிருந்து அமீன் எனும் காரத்தன்மை கொண்ட ஆவிகள் வெளிவருகின்றன. மீன் நாற்றத்திற்கு இவையே முக்கியக் காரணம். பொட்டலம் மூடியிருந்தால் நாற்றத்தை முகர முடியாது. எனவே, ஆய்வாளர்கள் பாலிஅனிலின் எனும் பொருளால் ஆன மெல்லிய படலத்தைப் பொட்டலத்தின் உட்புறம் பொருத்தினர். அமில நிலையில் பச்சையாக இருக்கும் அப்படலம், அமீன் ஆவி பட்டதும் நீலமாகிறது. இங்கு ஒளி இழையும் அளவியும் தேவையில்லை. வாங்குபவரின் கண்ணே அளவியாகிறது. அமில ஆவியில் காட்டினால் படலம் மறுபடியும் பச்சைக்குத் திரும்புகிறது. அதே ஆண்டில் குஸ்வாண்டியும் அவருடைய குழுவினரும் குர்குமினைக் கொண்டு இறால் கெடுவதைக் காட்டும் வில்லையையும் உருவாக்கினர். நம் சமையலறை மஞ்சள் இவ்வாறு அறிவியல் கருவியாயிற்று.

ஆனாலும், உணரி சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறிய வேண்டும். மீன் வில்லை அமீன் ஆவியை மட்டுமே அறியும். மீனில் பாதரசம் இருந்தால் அது பச்சையாகவே இருக்கும். அலுமினிய உணரி ஈயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே, உணரிகள் வந்துவிட்டதால் ஆய்வுக்கூடங்கள் தேவையற்றுப் போகவில்லை. எங்கே, எப்போது கவனிக்க வேண்டும் என்பதை உணரி முன்கூட்டியே எச்சரிக்கிறது. முழு விவரத்தை ஆய்வுக்கூடம் தருகிறது.

மூசா அகமட் பின்னாளில் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பையும் ஏற்றார். எனினும், அவருடைய ஆய்வுகளின் மதிப்பை வேறோர் இடத்தில் காணலாம். நீரைக் குடிப்பவரும் மீனை உண்பவரும் பிறர் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தாமே பார்த்து அறியலாம் என்ற நிலையை நோக்கி அவை ஒரு படி முன்னேறியுள்ளன. விலை குறைந்த, எவரும் படிக்கக்கூடிய உணரிகள் ஒவ்வொரு கிணற்றுக்கும் மீன் கடைக்கும் வந்து சேர வேண்டும். அந்தப் பணி அடுத்த தலைமுறை வேதியியலாளர்களுக்காகக் காத்திருக்கிறது.