செவி வாங்குவதும் மூளை கேட்பதும்

ஐம்பொறிகளுள் உறக்கத்திலும் திறந்திருப்பது செவி. கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு மூடி இல்லை. திருவிழாக் காலத்தில் திண்ணையில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் முதியவர், "சுவாமி வடக்கு வீதிக்கு வந்திட்டார்" என்று எழுந்து சால்வையைத் தேடுவார். மேளச்சத்தம் எப்பக்கமிருந்து வருகிறது என்று அவர் கணக்குப் பார்ப்பதில்லை. ஆயினும் கணக்கு ஒன்று நடக்கத்தான் செய்கிறது. அது நடக்கும் இடம் செவியன்று, மூளை.

ஒலி என்பது காற்றில் பரவும் அமுக்க அலையாகும். செவிமடல் திரட்டித் தரும் அவ்வலை செவிப்பறையை அதிரச் செய்கிறது. செவிப்பறைக்குப் பின்னே சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்னும் மூன்று சிறிய எலும்புகள் சங்கிலிபோல் கோத்துள்ளன. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு ஏந்தியே. இவ்வெலும்புகள் எதற்கு? உட்செவி திரவத்தால் நிறைந்தது. காற்றில் வரும் ஒலி நேரே திரவத்தின் மேல் பட்டால் அதன் பெரும்பகுதி தெறித்துத் திரும்பிவிடும். கிணற்று நீருள் மூழ்கியிருப்பவருக்குக் கட்டில் நின்று கூப்பிடுவது கேளாமல் போவது இதனாலேயே. செவிப்பறையின் பரப்பு ஏந்தியின் அடித்தட்டைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோற் செயலும் இதனோடு சேர, அமுக்கம் 20 மடங்கிற்கும் மேலாகப் பெருகித் திரவத்தைத் தள்ளுகின்றது.

அத்திரவம் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாயினுள் உள்ளது. இரண்டரைச் சுற்றுக் கொண்ட இந்த நத்தைச்சுருளை விரித்தால் நீளம் 35 மில்லிமீற்றர் அளவே. அதனுள் ஓடும் மென்சவ்வில், வீணையின் மெட்டுகளைப்போல, ஒவ்வோரிடமும் ஒவ்வொரு சுருதிக்கு உரியது. கீச்சென்ற ஒலிகள் வாயிலருகிலும், தவிலின் தொப்பி எழுப்பும் தாழ்ந்த ஒலிகள் சுருளின் உச்சியிலும் அச்சவ்வைக் கூடுதலாக அதிரச் செய்கின்றன. ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வொன் பெக்கேசி இதனை ஆராய்ந்து 1961 இல் நோபல் பரிசு பெற்றார்.

அச்சவ்வின் மேல் மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. வெளி வரிசைகளில் உள்ள 12,000 அளவான கலங்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்பும் பணியோ பெரும்பாலும் உள்வரிசையிலுள்ள ஏறத்தாழ 3,500 கலங்களுடையது. ஒரு பெரிய பாடசாலையின் மாணவர் தொகை அவ்வளவுதான். ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஒரு செவியாற் கேட்பதெல்லாம் இச்சிறு தொகையின் வழியாகவே செல்ல வேண்டும்.

இனி மூளையின் வேலை. வலப்பக்கத்து ஒலி இடச்செவியைச் சற்றுப் பிந்தியே அடையும். அந்தப் பிந்தல் மிகக் கூடியது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் மூளைத்தண்டிலுள்ள நரம்புகள் பிரித்தறியும். திண்ணை முதியவர் சுவாமியின் திசையை அறிந்தது இவ்வாறே. மணி, சங்கு, மேளம், அரோகரா ஒலி யாவும் செவிப்பறையில் ஒரே அதிர்வாகக் கலந்தே விழுகின்றன. அவற்றைத் திரும்பவும் வெவ்வேறாக்குவது மூளை. இல்லாததையும் அது சேர்த்துக்கொள்ளும். பழைய தொலைபேசிக் கம்பி 300 ஹேட்ஸிற்குக் கீழ்ப்பட்ட ஒலியை அனுப்புவதில்லை. ஆண்குரலின் அடிச்சுருதியோ 100 ஹேட்ஸை அண்டியது. ஆனாலும் தந்தையின் குரல் தந்தையின் குரலாகவே கேட்டது. வந்து சேர்ந்த மேற்சுருதிகளைக் கொண்டு வராத அடிச்சுருதியை மூளை கட்டிக்கொள்கிறது.

ஆனால் அனுப்பும் கலம் அழிந்துவிட்டால் மூளையின் இச்சாமர்த்தியத்திற்கும் எல்லை உண்டு. கோழிக்குஞ்சின் செவியில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதை 1980களின் இறுதியில் விஞ்ஞானிகள் கண்டனர். மனிதருக்கு அந்தப் பேறு இல்லை. முதுமையிலும் பேரொலியிலும் முதலில் சேதமடைபவை உயர் சுருதிக்குரிய கலங்கள். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, பலமானது. க, ச, த, ப போன்ற வல்லெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலியோ உயர்ந்தது, மெலிந்தது. அதனால் 'பால்' என்றாலும் 'கால்' என்றாலும் ஒன்றுபோலத் தோன்றும். "கதைக்கிறது கேக்குது, என்ன எண்டுதான் விளங்கேல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சாட்டு அன்று. செவியின் நிலையை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அவர்களிடம் உரத்துக் கத்துவதால் உயிரொலிதான் பெருக்கும். முகம் தெரிய நின்று நிறுத்தி நிதானமாகக் கதைத்தால், உதட்டசைவு மீதியைச் சொல்லும்.

ஒலிபெருக்கிக்கு அருகில் நின்ற பிள்ளைக்கு அன்றிரவு காது இரைகிறது. மறுநாள் இரைச்சல் நின்றதும் எல்லாம் சரியென்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். 2009 இல் அமெரிக்காவில் ஷரோன் குஜாவா, சாள்ஸ் லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. கேள்திறன் பழைய நிலைக்குத் திரும்பிய எலிகளிலும், மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் சில பகுதிகளில் பாதியளவு நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரிலும் இது நிகழ்கிறதா என்பது இன்னும் ஆராயப்படுகின்றது. அம்முடிவு வரும்வரை பிள்ளைகளின் செவியைப் பரீட்சைப் பொருளாக்க வேண்டியதில்லை.

85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளில் 8 மணிநேரம் வரை இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு வகுக்கப்பட்ட ஓர் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அது 15 நிமிடமே. கூம்பு ஒலிபெருக்கியின் முன்னே அந்த அளவு எளிதிற் தாண்டிவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் அளவு குறைவதால், 2 மீற்றரில் 100 டெசிபெல்லாக உள்ள ஒலி 8 மீற்றரில் 88 ஆகிவிடும். 15 நிமிடம் 4 மணிநேரமாக நீளும். சீனவெடி கொளுத்தும் இடத்திற்கு இக்கணக்குப் பொருந்தாது. ஒரே வெடியும் கலங்களைக் குலைக்கக்கூடும். பஞ்சு அடைப்பதாற் பயன் குறைவு. விரலால் இறுக அடைத்துக்கொண்டு விலகி நிற்பதே மேல்.